ஆக்சிஜனேற்றி துகளின் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது? ஒரு போலரைசிங் நுண்ணோக்கியுடன் ஓராண்டு

எங்கள் கல்லூரியின் முதுகலை வேதியியல் ஆய்வகத்துக்கு நுண்ணோக்கி ஒன்று வேண்டும் என்று விண்ணப்பித்தபோது, தாவரவியல் துறையில் அலமாரி நிறைய நுண்ணோக்கிகள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளக் கூடாதா என்பதுதான் முதல் கேள்வியாகத் திரும்பி வந்தது. நியாயமான கேள்வி என்பதால் அதையும் செய்து பார்த்தோம். வெங்காயத் தோலையும் இலைத்துளையையும் பார்ப்பதற்கென்று செய்த கருவியில் சிலிக்கா ஜெல் துகளை வைத்தால், ஓரம் கறுத்த ஒரு துண்டு தெரிகிறது. அதன்மேல் ஏற்றிய வேதிப்பொருள் எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. அதன் பிறகுதான் அம்பாலாவில் செய்யப்பட்ட, மூன்று குழல் கொண்ட போலரைசிங் நுண்ணோக்கி ஒன்றை, கேமராவும் வரியும் சேர்த்து ஒன்றே கால் லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வாங்கினோம். இதே வார்ப்பில் செய்த கருவி பல பெயர்ப்பலகைகளில் விற்கப்படுவதாலும், கீழே சில குறைகளைச் சொல்ல இருப்பதாலும், எங்களுக்கு விற்ற நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

இந்த மதிப்புரை ஒரே ஒரு வேலையைப் பற்றியது. திண்மத் தாங்கியின்மேல் ஏற்றப்பட்ட ஆக்சிஜனேற்றிகளை, அதாவது சிலிக்கா, அலுமினா, செலைட் போன்ற தூள்களில் பெர்மாங்கனேட், குரோமேட், பெர்அயோடேட், சில்வர் கார்பனேட் முதலியவற்றைப் படியவைத்துச் செய்யும் வினைக்காரணிகளை, வினைக்கு முன்னும் பின்னும் பார்ப்பதற்கு இந்தக் கருவி உதவுகிறதா என்பதுதான் கேள்வி. பாறைச் சீவல் பார்க்கும் புவியியலாளர் இதே கருவியை வேறு அளவுகோலால் அளப்பார். அது என் வேலை அன்று.

கரிமத் தொகுப்பில் இவ்வகைத் தூள்களுக்கு இருக்கும் மதிப்பு எளிதில் விளங்கக்கூடியது. வினை முடிந்ததும் வடிகட்டிவிட்டுக் கரைப்பானை ஆவியாக்கினால் விளைபொருள் கையில் கிடைத்துவிடும். பிரிபுனலில் குழம்பாகிப் பிரிய மறுக்கும் அடுக்குகளோடு போராட வேண்டியதில்லை. 1968-இல் மார்செல் ஃபெத்திசோனும் மிஷேல் கோல்ஃபியேயும் செலைட்டில் சில்வர் கார்பனேட்டைப் படியவைத்து ஆல்கஹால்களை ஆல்டிஹைடுகளாகவும் கீட்டோன்களாகவும் மாற்றியது இத்துறையின் தொடக்ககாலச் சாதனைகளில் ஒன்று. 1977-இல் ஸ்டீவன் ரீகன் குழுவினர் பெர்மாங்கனேட்டை மூலக்கூறு சல்லடை போன்ற தாங்கிகளில் ஏற்றிக் காட்டினார்கள். 1975-இல் கோரியும் சக்ஸும் அறிமுகப்படுத்திய பிரிடினியம் குளோரோகுரோமேட்டை 1980-இல் அலுமினாவின்மேல் ஏற்றியபோது, அந்த வினைக்காரணி குடுவையின் அடியில் விட்டுச்செல்லும் பிசினைச் சுரண்டும் வேலை பெருமளவு குறைந்தது.

ஆனால் செய்முறைக் குறிப்பைப் பார்த்து மாணவர்கள் செய்யும் தூள், ஒருமுறை நன்றாக வேலை செய்கிறது. மறுமுறை பாதியில் நின்றுவிடுகிறது. எடையிட்ட அளவும், நிறமும் ஒன்றுதான். வேறுபாடு, ஏற்றிய பொருள் தாங்கியின் துளைகளுக்குள் நுண்ணியதாகப் பரவியிருக்கிறதா, துகளின் மேற்பரப்பில் பெரிய படிகங்களாகத் திரண்டிருக்கிறதா என்பதில் இருக்கலாம் என்று ஊகித்தோம். வினை நடப்பது புறப்பரப்பில் என்பதால் இந்த ஊகத்தைக் கண்ணால் சரிபார்க்க விரும்பினோம். நுண்ணோக்கி வாங்கிய காரணம் இதுதான்.

முதலில் இந்தக் கருவியால் எதைப் பார்க்க முடியாது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் விற்பனையாளர் தந்த அட்டையில் 600 மடங்கு உருப்பெருக்கம் என்ற எண்தான் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. உருப்பெருக்கத்தை நம்பிக் கருவி வாங்குவது வண்டியின் வேகமானியில் அச்சிட்ட கடைசி எண்ணை நம்பி வண்டி வாங்குவது போன்றது. பொருளருகு லென்ஸ் எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியைத் திரட்டும் என்பதைக் குறிக்கும் எண் துளை 0.65 என்றால், 550 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியில் அது பிரித்துக் காட்டும் மிகக் குறைந்த தொலைவு ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர். பத்து மடங்கு லென்ஸில் எண் துளை 0.25, அங்கே அது 1.3 மைக்ரோமீட்டருக்கு மேல் போய்விடும். வண்ணப்பிரிகைக்குப் பயன்படும் சிலிக்கா ஜெல்லின் துளையோ வெறும் 6 நானோமீட்டர் அகலம். ஆக, துளைக்குள் அமர்ந்த ஒரு மூலக்கூறு அடுக்கை இந்தக் கருவி ஒருநாளும் காட்டாது. அது காட்டுவது துளைக்குள் போகாமல் வெளியே தங்கிவிட்ட பொருளைத்தான். எங்கள் கேள்விக்கு அதுவே போதுமானதாக இருந்தது, ஏனென்றால் கெட்டுப்போன தொகுப்பின் அடையாளமே வெளியே தங்கிய படிகங்கள்தான்.

சிலிக்காவின்மேல் ஏற்றிய சோடியம் பெர்அயோடேட்டில் இதை மிகத் தெளிவாகக் கண்டோம். 1997-இல் வெளியான, இன்று பல ஆய்வகங்களில் பின்பற்றப்படும் செய்முறையில், 2.57 கிராம் பெர்அயோடேட்டை 5 மில்லிலிட்டர் வெந்நீரில் கரைத்து, 10 கிராம் சிலிக்கா ஜெல்லில் குலுக்கியபடி ஊற்ற வேண்டும். இவ்வளவு குறைவான நீர் எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அந்த வகைச் சிலிக்காவில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 0.75 மில்லிலிட்டர் துளைக் கொள்ளளவு உண்டு. எனவே 10 கிராம் சிலிக்கா 7.5 மில்லிலிட்டர் வரை நீரைத் தன் துளைகளுக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். 5 மில்லிலிட்டர் முழுவதும் உள்ளே போய்விடுவதால்தான் தூள் ஈரமில்லாதது போல உதிர்கிறது. எங்கள் மாணவர் ஒருவர், கரையவில்லை என்று 15 மில்லிலிட்டர் நீரில் கரைத்து ஊற்றிப் பிறகு உலர்த்தினார். இரண்டு தூளும் வெறுங்கண்ணுக்கு வெள்ளைதான். நுண்ணோக்கியில், ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவைத்துத் தளவிளைவுற்ற ஒளியாக்கும் போலரைசரையும், மாதிரியைக் கடந்து வரும் ஒளியைச் சோதிக்கும் அனலைசரையும் குறுக்காக வைத்தபோது, முதல் தூள் இருண்ட களத்தில் மங்கிய சாம்பல் நிறத்தோடு நின்றது. இரண்டாவது தூளில் துகள்களுக்கு இடையே ஒளிரும் படிகங்கள் சிதறிக் கிடந்தன. சிலிக்கா படிக வடிவமற்றது. அது தளவிளைவுற்ற ஒளியைத் திருப்பாது, அனலைசர் அதை மறைத்துவிடும். பெர்அயோடேட் இரட்டை ஒளிவிலகல் உள்ள நாற்கோணப் படிகம். அதனால் அது மட்டும் மின்னும். கருவியின் விலையில் பாதி அந்த ஒரு காட்சியிலேயே எனக்குத் திரும்பிவிட்டது.

இவ்வாறு பார்ப்பதற்குத் துகளை எதில் மூழ்கவைப்பது என்பது ஆபத்தான விஷயம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சிலிக்காவின் ஒளிவிலகல் எண் 1.46-ஐ ஒட்டியது. அதே எண் கொண்ட நீர்மத்தில் மூழ்கினால் சிலிக்காத் துகள் கண்ணுக்கு மறைந்து, ஏற்றிய பொருள் மட்டும் நிற்கும். கிளிசராலின் எண் 1.47 என்பதாலும், உயிரியல் ஆய்வகங்களில் அது எப்போதும் கைவசம் இருப்பதாலும், கை தானாக அந்தப் புட்டியை நோக்கிப் போகும். போகக் கூடாது. பெர்மாங்கனேட்டும் கிளிசராலும் சேர்ந்தால் தீப்பற்றும் என்பது பள்ளிக் கண்காட்சிகளில் காட்டும் வேடிக்கை. ஸ்லைடில் சிறு அளவில் தீப்பிடிக்காவிட்டாலும், பார்க்க வந்த ஆக்சிஜனேற்றி பார்க்கும்போதே கிளிசராலைத் தின்று தீர்ந்துவிடும். பெர்அயோடேட்டும் கிளிசராலை உடைக்கும். நாங்கள் பயன்படுத்துவது மருந்துக்கடையில் கிடைக்கும் திரவ பாரஃபின். அதன் எண்ணும் 1.47-ஐ ஒட்டியே இருக்கிறது. பார்த்து முடிக்கும் நேரத்துக்குள் அது இந்தத் தூள்களோடு வினைபுரிந்ததாக எங்களுக்குத் தெரியவில்லை. ஊற்றிய உடனே துகள்கள் கறுத்துத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். துளைகளில் இருக்கும் காற்று வெளியேற நேரமாகும்; சில நிமிடங்களில் துகள் விளிம்பிலிருந்து உள்நோக்கித் தெளிந்து மறைவதைப் பார்ப்பதே தனி இன்பம்.

ஃபெத்திசோன் வினைக்காரணிக்கு, அதாவது செலைட்டில் படியவைத்த சில்வர் கார்பனேட்டுக்கு வருகிறேன். இந்தக் கருவியோடு நான் கழித்த மணிநேரங்களில் பெரும்பகுதி இதற்கே போயிற்று. செலைட் என்பது டயாட்டம் என்னும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் கடலடியில் படிந்து உண்டான மண். கலிபோர்னியாவின் லொம்போக்கில் வெட்டியெடுக்கப்படும் படிவு புகழ்பெற்றது. வடிகட்டுவதற்காக மூட்டை மூட்டையாக வாங்கிக் குப்பையில் கொட்டும் இந்தப் பொருளை, நாற்பது மடங்கு லென்ஸில் முதன்முறை பார்த்த ஆய்வக உதவியாளர், "சார், இது கோலம் மாதிரி இருக்கு" என்றார். வட்டத் தட்டுகள், சலித்த அரிசி போல் நீண்ட குச்சிகள், வரிசை தப்பாத துளைகள் கொண்ட உடைந்த சில்லுகள் என்று பார்வைக்களம் முழுவதும் நிரம்பியிருக்கும். ஆனால் இவ்வளவு துளைகள் இருந்தும் அதன் புறப்பரப்பு கிராமுக்குச் சில சதுர மீட்டர்தான். சிலிக்கா ஜெல்லுக்கோ அது 500 சதுர மீட்டரை ஒட்டியது.

இந்த எண்ணைச் செய்முறையின் அளவுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். அமிலம் கலந்த மெத்தனாலில் கழுவி உலர்த்திய 30 கிராம் செலைட்டை, 200 மில்லிலிட்டர் நீரில் கரைத்த 34 கிராம் சில்வர் நைட்ரேட்டோடு கலக்கி, 300 மில்லிலிட்டர் நீரில் கரைத்த 30 கிராம் படிக சோடியம் கார்பனேட்டை மெல்ல ஊற்றினால், மஞ்சளும் பச்சையும் கலந்த வீழ்படிவு கிடைக்கும். கணக்கிட்டால் 27.6 கிராம் சில்வர் கார்பனேட். அதாவது தாங்கியும் தாங்கப்படுவதும் ஏறக்குறைய சம எடை, 0.57 கிராம் தூளில் ஒரு மில்லிமோல். சில சதுர மீட்டர் பரப்பில் இவ்வளவு பொருள் மூலக்கூறு அடுக்காகப் படிய வழியே இல்லை. அது படிகமாகத்தான் இருக்க வேண்டும், அந்தப் படிகம் ஒளியியல் நுண்ணோக்கிக்கு எட்டும் அளவில் இருக்கவும் கூடும். இருந்தது. கலக்கியைச் சீராக ஓடவிட்டு மெல்ல ஊற்றிச் செய்த தொகுப்பில் ஓடுகளின்மேல் மஞ்சள் பொடி மஞ்சள்தூள் தூவியது போல ஒட்டியிருந்தது. அவசரத்தில் கார்பனேட்டைக் கவிழ்த்துச் செய்த தொகுப்பில் ஓடுகள் பல வெளுத்துத் தனியே கிடக்க, மஞ்சள் கட்டிகள் தனியே திரண்டிருந்தன. ஆக்சிஜனேற்றத்தில் இரண்டாவது தூள் பின்தங்கியது. முதல் தூளோடு ஒரே நாளில் ஒரே ஆல்கஹாலை வைத்துச் செய்து பார்த்தோம்.

இங்கே ஒரு முரணையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. தாங்கியின்மேல் ஏற்றப்பட்ட வினைக்காரணி என்று நாம் சொல்லும்போது, ஒவ்வொரு ஓடும் தன்மேல் ஒரு சட்டை அணிந்திருப்பதாக மனம் கற்பனை செய்கிறது. நன்றாக வந்த தொகுப்பிலும் மஞ்சள் படிகங்களில் கணிசமான பங்கு ஓட்டோடு ஒட்டாமல் இடுக்குகளில்தான் இருந்தது. செலைட் இங்கே செய்வது தாங்குவதைவிட, படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் விலக்கி வைப்பதே என்று எனக்குப் படுகிறது. அலுமினாவையும் சிலிக்காவையும் பற்றி இப்படிச் சொல்ல மாட்டேன்.

டொலுயீனில் கொதிக்கவைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு துளி எடுத்துப் பார்த்தபோது, சில்வர் கார்பனேட் வெள்ளி உலோகமாக ஒடுங்குவதை நேரடியாகப் பின்தொடர முடிந்தது. ஒவ்வொரு ஆல்கஹால் மூலக்கூறுக்கும் இரண்டு வெள்ளி அணுக்கள் ஒடுங்குகின்றன. கார்பன் டைஆக்சைடும் நீரும் வெளியேறுகின்றன. மஞ்சள் படிகத்தின் விளிம்பில் கறுப்புப் புள்ளியாகத் தொடங்கி, பிறகு படிகத்தையே கறுப்பு மூடிவிடுகிறது; மேலிருந்து ஒளி பாய்ச்சினால் அந்தக் கறுப்பிலிருந்து ஆங்காங்கே உலோகப் பளபளப்பு எழுகிறது. கீழொளியையும் மேலொளியையும் ஒரு குமிழைத் தட்டி மாற்றிக்கொள்ளும் வசதி இந்த இடத்தில் கருவியின் பெரும் பலம். கீழொளியில் வெள்ளியும் வெறும் அழுக்கும் ஒரே கறுப்புதான்.

ஆனால் இதே வேலையில்தான் கருவியின் முதல் பெரிய குறை வெளிப்பட்டது. உடன்வந்த விளக்கு 6 வோல்ட், 20 வாட் ஹாலஜன். சில்வர் கார்பனேட் ஒளிபட்டால் கறுக்கும் பொருள். வினையில் கறுத்ததா, விளக்கில் கறுத்ததா என்ற ஐயம் வந்த பிறகு, ஆல்கஹாலே சேராத தூளை ஸ்லைடில் வைத்து, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, விளக்கை முழுப் பிரகாசத்தில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது மூடாத பாதி தெளிவாகவே நிறம் மங்கியிருந்தது. அதற்கு முன் எடுத்த இரண்டு வாரப் படங்களைத் தூக்கிப்போட நேர்ந்தது. இப்போது ஒளிப்பாதையில் ஆரஞ்சு வடிகட்டி ஒன்றைச் செருகி, பார்க்கும் நேரத்தில் மட்டும் ஒளியைத் திறக்கிறோம். நிறத்தை மதிப்பிட வேண்டியபோது வடிகட்டியை எடுத்துச் சில நொடிகளில் படம் பிடித்துவிடுகிறோம். ஒளியை உடனடியாக அடைக்கும் தகடு ஒன்று இந்த விலையுள்ள கருவியில் இருந்திருக்க வேண்டும். எல்இடி விளக்குக்கு மாறினால் வெப்பம் குறையும் என்பது உண்மைதான், ஆனால் அதன் நீல ஒளி இந்தத் தூளுக்கு நல்லதன்று. எனவே விற்பனையாளர் இதற்குத் தீர்வாகக் கூடுதல் விலைக்குப் பரிந்துரைத்த எல்இடி மாற்றத்தை நாங்கள் ஏற்கவில்லை.

அலுமினாவின்மேல் ஏற்றிய பிரிடினியம் குளோரோகுரோமேட்டுக்குக் கீழொளி பயன்படாது. அலுமினாவின் ஒளிவிலகல் எண் மிக உயர்வு. பாரஃபினில் மூழ்கினாலும் துகள் மறைவதில்லை. மேலொளியில் நல்ல தொகுப்பு சீரான ஆரஞ்சு நிறத்தோடு, பளபளப்பில்லாமல் இருக்கும். கரைப்பானை அவசரமாக ஆவியாக்கிய தொகுப்பில் துகள்களின்மேல் மின்னும் ஆரஞ்சு ஊசிகள் முளைத்திருந்தன. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே துகளை மெல்ல நசுக்கி உடைத்தால் இன்னொரு செய்தியும் கிடைக்கிறது. நிறம் நடுவரை போயிருக்கிறதா, ஓரத்தோடு நின்றுவிட்டதா என்பது உடைந்த முகத்தில் தெரியும். வினையூக்கி செய்பவர்கள் ஓரத்தோடு நிற்கும் பரவலை முட்டை ஓட்டுப் பரவல் என்கிறார்கள். பெயருக்கு ஏற்றபடிதான் இருக்கிறது. விலைக்கு வாங்கிய புட்டி ஒன்றிலிருந்து எடுத்த தூளையும் இப்படிப் பார்த்தோம். புட்டியின் மேல்பகுதித் துகள்களில் பழுப்பு ஏறியிருந்தது, அடியில் ஆரஞ்சு நிறம் மாறாமல் இருந்தது. ஒரே புட்டியிலிருந்து எடுத்த இரண்டு கரண்டிகள் ஏன் வெவ்வேறு விளைச்சல் தந்தன என்பது அன்று விளங்கியது. வெற்றிடத்தில், இருட்டில் வைத்தால் சில வாரங்கள் தாங்கும் பொருள் இது. மூடியைத் திறந்து திறந்து மூடும் புட்டியில் அந்தக் கணக்கு செல்லாது.

குரோமியம் ஆறு இணைதிற நிலையில் புற்றுநோய் உண்டாக்குவது. சுட்டுப் பதப்படுத்திய செலைட் தூசியும் நுரையீரலுக்குத் தீங்கானது. நுண்ணோக்கிக்கு மேல் மூக்கு இருக்கும் தொலைவை எண்ணிப் பார்த்தால், தூளைத் திறந்த ஸ்லைடில் வைப்பது அறிவீனம். ஃப்யூம் ஹுட்டுக்குள்ளேயே ஒரு துளி பாரஃபினில் நனைத்து, எண்ணெய் விளிம்புக்கு வெளியே வழியாத அளவில் கவர் ஸ்லிப்பால் மூடிய பிறகுதான் கருவிக்குக் கொண்டுவருகிறோம். இரும்பு நைட்ரேட்டைக் கே-10 களிமண்ணில் ஏற்றிய கிளேஃபென் என்ற தூளை மட்டும் இந்தக் கருவியின் அருகே கொண்டுவருவதே இல்லை என்று முடிவு செய்தோம். அது தானாகவே நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிடும். லென்ஸின் பூச்சுக்கும் பித்தளைப் பற்சக்கரங்களுக்கும் அந்த வாயு ஆகாது.

பெர்மாங்கனேட் ஏற்றிய அலுமினா உருண்டைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். பழக் கிடங்குகளில் எத்திலீனை உறிஞ்ச வைக்கும் அந்த ஊதா உருண்டைகளுக்கு நுண்ணோக்கியே தேவையில்லை. பிளேடால் இரண்டாக வெட்டினால், தீர்ந்துபோன பழுப்பு ஓடும் மிச்சமிருக்கும் ஊதா உள்ளமும் நான்கு மடங்கு லென்ஸில், ஏன், கைலென்ஸிலேயே தெரிகின்றன. எத்தனை நாளில் பழுப்பு எவ்வளவு ஆழம் போயிற்று என்று கண்ணருகு லென்ஸின் அளவுகோலால் அளப்பது மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. கருவியோடு வந்த, ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த அளவீட்டு ஸ்லைடு சரியாகவே இருக்கிறது. வேறொன்றோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தோம்.

ஆனால் பெர்மாங்கனேட்டால்தான் கருவிக்கு ஒரு வடுவும் ஏற்பட்டது. நாற்பது மடங்கு லென்ஸுக்கும் கவர் ஸ்லிப்புக்கும் இடையே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. தடித்த துகள் ஒன்று கவர் ஸ்லிப்பைத் தூக்கி நிற்க, மாணவர் குவியத்தைத் தேடித் திருகியபோது ஸ்லிப் உடைந்து, ஊதாத் தூள் மேடையில் சிந்தியது. துடைத்த இடத்தில் மறுநாள் மாங்கனீசு டைஆக்சைடின் பழுப்புக் கறை. நீர்த்த ஆக்சாலிக் அமிலம் நனைத்த பஞ்சால் கறை போயிற்று; அதனோடு சுழல்மேடையின் பாகை எண்களில் இரண்டின் கறுப்பு மையும் போயிற்று. எண்களைச் செதுக்காமல் அச்சிட்டு விட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. லென்ஸின் நுனியில் இருக்கும் சுருள்வில் நல்லபடியாக உள்வாங்கியதால் கண்ணாடி தப்பித்தது; அதற்காகச் செய்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

கேமராவைப் பற்றிப் பாராட்ட எதுவும் இல்லை. வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவதற்காக நிறங்களைச் சரிசெய்யும் அதன் தானியங்கி வெண்சமன் அமைப்பு, ஆரஞ்சை மஞ்சளாக்குகிறது, சில்வர் கார்பனேட்டின் மஞ்சள் பச்சையைச் சாம்பலாக்குகிறது. நிறமே செய்தியாக இருக்கும் வேலையில் இது மன்னிக்க முடியாத குறை. மென்பொருளில் அதை அணைக்கும் பொத்தான் இருக்கிறது. அணைத்துவிட்டு மூடித் திறந்தால் மறுபடியும் தானாகவே ஓடுகிறது. மூன்று முறை எழுதியும் சேவைப் பிரிவிலிருந்து வந்த பதில், கணினியை மாற்றிப் பாருங்கள் என்பதுதான். கடைசியில் மூன்றாம் குழலில் பழைய கைப்பேசி ஒன்றைப் பிடிப்பானோடு பொருத்தி, வெண்சமனைக் கையால் நிலைநிறுத்தி, ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு வெள்ளைத் தாளைப் படம் பிடித்துக்கொள்கிறோம். அந்தக் கேமரா இல்லாமலே கருவியை வாங்கலாம், விலையும் கணிசமாகக் குறையும் என்பது வாங்கிய பிறகுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது.

இதற்குப் பதிலாக எலக்ட்ரான் நுண்ணோக்கிச் சேவைக்கே பணம் கட்டியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். நாங்கள் அதற்கும் மாதிரிகளை அனுப்பினோம். டயாட்டம் ஓட்டின் துளை விளிம்பில் உட்கார்ந்த துகள்களைக்கூட அது காட்டிற்று. எக்ஸ் கதிர் நிறமாலையில் குரோமியத்தின் 5.41, மாங்கனீசின் 5.90, வெள்ளியின் 2.98 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடுகள் எது எங்கே என்று பெயரோடு சொல்லின. ஆனால் மாதிரிக்குத் தங்கப்பூச்சு, வெற்றிடம், முறைக்காகக் காத்திருப்பு என்று எல்லாம் முடிந்து படம் வரும்போது வினை நடந்த கதையே மறந்துபோகிறது. வெள்ளிச் சேர்மங்கள் எலக்ட்ரான் கற்றையிலேயே ஒடுங்குவதும் உண்டு. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஆரஞ்சும் பழுப்பும் கிடையாது என்பதை வேறு சொல்ல வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குடுவையிலிருந்து துளி எடுத்துப் பார்க்கும் வேலைக்கு மேசைமேல் நிற்கும் ஒளி நுண்ணோக்கிதான் வேண்டும். எதைப் பார்த்தோம் என்பதில் சண்டை வந்தால் எலக்ட்ரான் நுண்ணோக்கியிடம் போகலாம்.

ஆகவே, தாங்கியின்மேல் ஏற்றிய வினைக்காரணிகளைத் தாங்களே செய்து பயன்படுத்தும் ஆய்வகங்களுக்கு, மேலொளியும் கீழொளியும் குறுக்குப் போலரைசர்களும் ஒன்றாக உள்ள இவ்வகைக் கருவியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். புட்டியில் வாங்கி எப்போதாவது ஒரு வினைக்குப் பயன்படுத்துபவர்களுக்கு இது தேவையற்ற செலவு. நல்ல கைலென்ஸும், புட்டியைக் குலுக்கிவிட்டு எடுக்கும் பழக்கமும் போதும். வாங்குவோர் கேமராவை விலைப்பட்டியலிலிருந்து நீக்கச் சொல்ல வேண்டும், மேடையின் எண்கள் செதுக்கியவையா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும், உதிரி விளக்கு இரண்டை அப்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும். 60 மடங்கு லென்ஸ் இந்தத் தூள்களுக்குப் பயனற்றது. எங்களுடையது உறையைவிட்டு இரண்டு முறைதான் வெளியே வந்திருக்கிறது. அதற்குப் பதிலாக, துகளுக்கும் லென்ஸுக்கும் இடையே தாராளமான இடைவெளி விடும் 20 மடங்கு லென்ஸ் ஒன்றுக்கு விலைப்புள்ளி கேட்டு எழுதியிருக்கிறோம். அது வரும்வரை தடித்த அலுமினாத் துகள்களைப் பத்து மடங்கிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.